வாசனை ஆளைத் தூக்குது, குடித்தால் வெந்நீர்: பழமும் பட்டையும் போட்ட குளிர்கால டீ

திருநகரில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஜெர்மனியில் வேலை பார்க்கும் கொழுந்தனார் லீவுக்கு வந்தபோது ஒரு டப்பா டீ கொண்டு வந்தாராம். குளிர்காலத்துக்கென்றே விற்கிற டீ. டப்பாவில் கறுப்புத் தேயிலை, ஆப்பிள் துண்டு, செம்பருத்தி, ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, ஃப்ளேவர் என்று போட்டிருக்கிறது. "திறந்தாலே வாசனை ஆளைத் தூக்குது. வழக்கம்போல் கொதிக்க வைத்து வடிகட்டினால் வெந்நீரில் கஷாயம் கலந்த மாதிரி இருக்கு. பால் ஊத்தினேன், திரிஞ்சு போச்சு. அத்தை ஒரு வாய் குடிச்சிட்டு டம்ளரை வச்சுட்டாங்க. இதை எப்படித்தான் குடிக்கணும்? நம்ம ஊர்ச் சாமானிலேயே இதைச் செய்ய முடியுமா?" இதுதான் கேள்வி.

நான் குன்னூரில் பதினோரு வருஷம் தேயிலை ருசி பார்க்கும் வேலையில் இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு மதுரைக்கே வந்து டீத்தூள் வியாபாரம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் தங்கச்சி, பொறுமையாகப் படியுங்கள்.

கொதிக்க வைத்தபோது வீடெல்லாம் மணத்திருக்குமே? அங்கேதான் உங்கள் டீ போய்விட்டது. வீட்டில் மணக்கிற வாசனை டம்ளரில் இருக்காது. ஆரஞ்சுத் தோலின் மணம் லிமோனீன் என்கிற எண்ணெயில் இருக்கிறது. ஆப்பிளின் மணம் அதைவிடவும் லேசான சமாச்சாரம். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரின் ஆவியோடு இரண்டும் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடும். மிச்சம் நிற்பது தேயிலையின் துவர்ப்பும் செம்பருத்தியின் புளிப்பும் பட்டையின் காரமும். கஷாயம் என்று நீங்கள் சொன்னது மிகச் சரியான சொல்.

இதில் உங்கள் தப்பு ஒன்றும் கிடையாது. நம் ஊர் டீத்தூள் கொதிக்க வைப்பதற்கென்றே வந்த தூள். 1930-களில் அசாமில் சி.டி.சி. எந்திரம் வந்தது. அது கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிவிடும். அதிலும் சன்னமாகச் சலித்து எடுக்கிற டஸ்ட்தான் நம் டீக்கடைத் துணிப் பைக்குள் போகிறது. வெந்நீர் பட்டவுடனே சாயம் இறங்கும். பாலும் சீனியும் சேர்ந்தாலும் அமுங்காது. உங்கள் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் முறையில் செய்த இலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாற விட்டு, பிறகு உலர்த்துவார்கள். இலை ஓரளவு முழுசாகவே இருக்கும், சாயத்தை மெதுவாகத்தான் விடும். பழ வாசனைக்கு அடியில் இப்படிப்பட்ட இலையைப் போடுவதற்குக் காரணம் உண்டு. டஸ்ட்டைப் போட்டால் ஒரே நிமிஷத்தில் துவர்ப்பு ஏறி ஆப்பிளை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடும்.

இனி ருசி பார்க்கிற வேலைக்கு வருவோம். முதலில் ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு ஸ்பூன் அளவு கொட்டி விரலால் பரப்புங்கள். நான் எந்தக் கலவை கையில் கிடைத்தாலும் இதைச் செய்யாமல் தண்ணீர் வைப்பதில்லை. கறுப்பாக முறுக்கிக் கிடப்பது தேயிலை. தட்டில் பாதிக்கு மேல் அதுவாக இருந்தால் நிம்மதி. பழுப்பு நிறத்தில் தக்கை மாதிரி லேசாக இருப்பது ஆப்பிள். கருஞ்சிவப்பாக, தோல் மாதிரி சுருங்கிக் கிடப்பது செம்பருத்தி. நம் வீட்டு வாசலில் பூக்கிற செம்பருத்தி இல்லை இது. புளிச்சக்கீரை இனத்துச் செடியின் பூவைத் தாங்கி நிற்கிற சதைப்பற்றான புல்லி இதழ். மஞ்சளும் செம்மஞ்சளுமாக நூல் நூலாக ஏதாவது இருந்தால் அது குசும்பப்பூவாக இருக்கும். அதற்கு ருசி ஒன்றும் கிடையாது, கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று சேர்ப்பது.

இப்போது அந்த ஆப்பிள் துண்டு ஒன்றை எடுத்து மென்று பாருங்கள். லேசான இனிப்பும் புளிப்பும் தெரியும், டப்பாவைத் திறந்தபோது வந்த ஆப்பிள் வாசனை அதில் இருக்காது. பழம் காயும்போதே அதன் மணத்தில் பெரும்பங்கு போய்விடும். டப்பாவில் மணப்பது தேயிலையின் மேல் தெளித்திருக்கும் ஃப்ளேவர். இதைக் கேட்டதும் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலை எந்த வாசனையையும் குடித்துக்கொள்ளும், அது அதன் குணம். சீனாவில் மல்லிகை மொட்டைத் தேயிலையோடு சேர்த்து ராத்திரி முழுக்க வைப்பார்கள். மொட்டு விரியும்போது வருகிற மணத்தை இலை இழுத்துக்கொள்ளும், காலையில் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். பெர்கமாட் என்ற எலுமிச்சை இனத்துப் பழத்தோலின் எண்ணெயைச் சேர்த்தால் அது ஏர்ல் கிரே என்கிற டீ. உங்கள் டப்பாவும் அந்த வகையில்தான் சேரும். நல்ல ஃப்ளேவரா, கையில் ஒட்டுகிற சென்ட் மாதிரி ஃப்ளேவரா என்பதைக் குடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குடிக்க ஆரம்பிக்கும் முன் தண்ணீர். மதுரையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. போர் தண்ணியில் டீ போட்டால் மேலே மினுமினுப்பாக ஒரு படலம் கட்டி, டம்ளர் ஓரத்தில் கறையாக ஒட்டும், பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் தேயிலையின் சத்தும் சேர்ந்து கட்டுகிற படலம் அது. பால் டீயில் அவ்வளவாகத் தெரியாது. பால் இல்லாத டீயில் நிறம் மங்கி, ருசி தட்டையாகிவிடும். குடிக்கிற நல்ல தண்ணியையே பயன்படுத்துங்கள்.

அளவு. ருசி பார்ப்பதற்கென்று உலகத் தரம் ஒன்று 1980-ல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிஷம். பால் இல்லாமல் குடிக்க இது ரொம்ப ஸ்ட்ராங். இலையில் உள்ள குறை நிறை எல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த கணக்கு அது. உங்களுக்கு ஒரு டம்ளர், அதாவது 150 மில்லி தண்ணீருக்கு, தலை தட்டிய ஒரு டீஸ்பூன் போதும். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, டீயைப் போட்டு, தட்டுப் போட்டு மூடுங்கள். மூடுவதை மறக்கக் கூடாது. நான்கு நிமிஷம் கழித்து மூடியைத் திறந்ததும் அதன் உள்பக்கம் முத்து முத்தாக நிற்கிற தண்ணீரை மோந்து பாருங்கள். பறந்து போக இருந்த வாசனை அவ்வளவும் அங்கே நிற்கும். அதையும் டீயிலேயே சொட்ட விட்டு வடிகட்டுங்கள்.

வடிகட்டியதும் குடிக்காதீர்கள். நம் ஊர் ஆட்களுக்கு டீ நாக்கைச் சுட வேண்டும், ஆறினால் பச்சைத்தண்ணி. ஆனால் அவ்வளவு சூட்டில் நாக்கு ருசியைப் பிரித்து அறியாது. உடம்புக்கும் நல்லதில்லை. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கிற பானம் எதுவானாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் சொல்லியிருக்கிறது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க முடிகிறதா, அதுதான் பதம்.

முதல் வாயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடியுங்கள். நிஜமாகவே விரலால் மூக்கை அடைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு, துவர்ப்பு, கொஞ்சம் கசப்பு தெரியும். வேறொன்றும் தெரியாது. அப்படியே வாயில் வைத்துக்கொண்டு மூக்கை விடுங்கள். அந்த நொடியில் ஆப்பிள் வரும், அதன் பின்னாலேயே ஆரஞ்சு வரும். என்னிடம் வேலை பழக வந்த பையன்கள் எல்லாருக்கும் முதல் நாள் இதைத்தான் செய்து காட்டுவேன். ஒவ்வொருத்தர் முகத்திலும் அந்த ஆச்சரியத்தைப் பார்த்திருக்கிறேன். நாக்குக்கு ஆப்பிள் என்றால் என்னவென்று தெரியாது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நாக்கின் கணக்கு சின்னது. பழத்தின் அடையாளம் முழுவதும் மணத்தில் இருக்கிறது. அந்த மணம் வாய்க்குப் பின்னால் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறினால்தான் நமக்குப் பழம். குன்னூர் டேஸ்டிங் அறைகளில் வரிசையாக நாற்பது ஐம்பது கோப்பை வைத்துக்கொண்டு 'ஸ்ஸ்ர்ர்' என்று சத்தமாக உறிஞ்சுவது இதற்குத்தான். டீ வாய்க்குள் தூறலாகத் தெறித்தால் மணம் சட்டென்று மேலே ஏறும். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்களும் உறிஞ்சிப் பாருங்கள், இரண்டு மடங்கு வாசனை தெரியும்.

'வெந்நீர் மாதிரி இருக்கு' என்று உங்களுக்குத் தோன்றியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆப்பிள் வாசனை வந்ததும் மனசு இனிப்பை எதிர்பார்க்கிறது. சின்ன வயதில் இருந்து பழ வாசனையோடு இனிப்புதான் வந்திருக்கிறது. வாய்க்குள் துவர்ப்பு மட்டும் வரும்போது ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. அரை ஸ்பூன் சீனி போட்டுக் கலக்கிக் குடியுங்கள். டீ இனிக்கும் என்பது ஒரு பக்கம், ஆப்பிள் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதுதான் விசேஷம். சீனியில் ஆப்பிள் வாசனை கிடையாதுதான். இருந்தாலும் எதிர்பார்த்த இனிப்பு வந்து சேர்ந்ததும் மணமும் தூக்கலாகத் தெரிகிறது. குன்னூரில் இருந்தவரை பால் இல்லாத டீயில் சீனி போடுகிறவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தேன். ஒற்றைத் தோட்டத்து நல்ல டீக்கு இப்போதும் அதையே சொல்வேன். பழம் போட்ட டீக்கு அரை ஸ்பூன் சீனி வேண்டும் என்பது என் முடிவான கருத்து. கருப்பட்டி வேண்டாம், அது தன் வாசனையைத்தான் நிறுத்தும். பனங்கற்கண்டு போடலாம்.

இரண்டாவது வாய் இன்னும் கொஞ்சம் ஆறிய பிறகு. இப்போது வரிசையைக் கவனியுங்கள். பழம் முதலில் வந்து முதலில் போகும். பட்டையும் கிராம்பும் கடைசியில் வந்து தொண்டையில் நிற்கும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது பாருங்கள், அங்கே தேயிலை இருக்கிறதா? கன்னத்தின் உட்புறத்தை லேசாகப் பிடித்துவிடுகிற, வாயைச் சுத்தமாக்கி அடுத்த வாய்க்குக் கூப்பிடுகிற துவர்ப்பு அது. எங்கள் தொழிலில் பிரிஸ்க் என்போம். தியாஃப்ளேவின் என்ற சத்து அதைக் கொடுக்கிறது, டீயின் செம்பொன் பளபளப்பும் அதனால்தான். நான் எந்த வாசனை டீயையும் இந்த ஒரு இடத்தை வைத்துத்தான் மதிப்பிடுவேன். பழம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், பட்டை எவ்வளவு உசத்தியானாலும், நடுவில் தேயிலை இல்லாவிட்டால் அது சர்பத்தைச் சூடு பண்ணிக் குடித்த கணக்கு. வாசனை டீக்கு மட்டமான தேயிலை போதும் என்று நினைக்கிற வியாபாரிகள் உண்டு. எனக்கு அது மனசுக்கு ஒப்பாது. மேலே என்ன பூசினாலும் அடியில் இருப்பது கண்டிப்பாகத் தெரிந்துவிடும், குறிப்பாக மூன்றாவது வாயில்.

மூன்றாவது வாய் நன்றாக ஆறிய டீ. ஆறிய டீ எதையும் மறைக்காது. நல்ல ஃப்ளேவராக இருந்தால் மங்கலாகவாவது பழம் நிற்கும். மட்டமாக இருந்தால் சோப்பு மாதிரி, மிட்டாய் சுற்றிய காகிதம் மாதிரி ஒரு நெடி வரும். கிராம்பு அதிகமாக இருந்தாலும் ஆறினால் தெரியும், நாக்கின் நுனி மரத்த மாதிரி இருக்கும். பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கிறோமே, அதே யூஜினால்தான் இங்கேயும் வேலை செய்கிறது. டீ ஆறியதும் கலங்கிப் போனால் பயப்படாதீர்கள். காஃபீனும் தியாஃப்ளேவினும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதால் வருகிற கலங்கல் அது. எங்கள் ஆட்கள் அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள், சத்துள்ள தேயிலை என்று அர்த்தம்.

பால் திரிந்ததற்குக் காரணம் செம்பருத்தி. புளிச்சக்கீரை இனம் என்றேன் இல்லையா, புளிப்புக்குக் கேட்க வேண்டுமா? சூடான பால் கொஞ்சம் புளிப்புப் பட்டாலே திரிந்துவிடும். டப்பாவில் செம்பருத்தி என்று இருந்தால் பாலைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். இதையொட்டி இன்னொன்று. பச்சை இஞ்சியைத் தட்டி வெதுவெதுப்பான பாலில் போட்டாலும் திரியும். அதற்குப் புளிப்பு காரணம் இல்லை, இஞ்சியில் இருக்கிற ஒரு நொதி பாலைக் கட்டியாக்கிவிடும். கொதிக்க வைத்தால் அந்த நொதி செத்துவிடும். டீக்கடை மாஸ்டர்கள் இஞ்சியைத் தண்ணீரில் கொதிக்க விட்ட பிறகே பால் சேர்ப்பது அதனால்தான்.

அடுத்தது உங்கள் இரண்டாவது கேள்வி. நம் ஊர்ச் சாமானில் செய்ய முடியும். டப்பாவில் வருவதைவிட நன்றாகவே செய்ய முடியும் என்பேன். டப்பா டீயில் தேயிலை, பழம், பட்டை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே வெந்நீரில் போட்டாக வேண்டும். வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. பட்டைக்கும் சுக்குக்கும் கொதி வேண்டும். கிராம்புக்கும் ஏலத்துக்கும் கொஞ்சம் போதும். தேயிலைக்கும் பழத்தோலுக்கும் கொதியே ஆகாது. மூன்றுக்கும் மூன்று நேரம். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்கள் கைப்பக்குவம்.

தேயிலைக்கு நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை வாங்குங்கள். மார்கழி, தை மாதங்களில் அங்கே உறைபனி விழும். அந்தக் குளிரில் கொழுந்து மெதுவாக வளரும், அப்போது பறித்துச் செய்கிற டீயின் மணமே தனி. ஃப்ராஸ்ட் டீ என்று விற்பார்கள். கிடைத்தால் யோகம். இல்லாவிட்டால் நமக்குப் பக்கத்திலேயே தேனி மாவட்டத்து மேகமலையில் தோட்டங்கள் இருக்கின்றன. எதுவானாலும் இலையாக இருக்க வேண்டும், தூளாக இருக்கக் கூடாது.

பட்டை வாங்குவதற்குக் கீழமாசி வீதிப் பக்கம் போகும்போது கொஞ்சம் கவனம். வெறுமனே பட்டை என்று கேட்டால் தடியாக, மரப்பட்டை மாதிரி ஒரே சுருளாக இருப்பதைத்தான் அள்ளிப் போடுவார்கள். அது காசியா. பிரியாணிக்கு அதுதான் சரி. டீக்கு, மெல்லிய காகிதத்தைப் பல மடிப்பாகச் சுருட்டிய மாதிரி இருக்கும் இலங்கைச் சுருள் பட்டை வேண்டும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். ருசியில் காரம் கம்மி, இனிப்பு மணம் அதிகம். உடம்பைப் பார்த்தாலும் இதுதான் நல்லது. காசியாவில் கூமரின் என்ற பொருள் கூடுதல், தினமும் அதிகமாகச் சேர்த்துக்கொண்டால் ஈரலைப் பாதிக்கும். சுருள் பட்டையில் அது மிகக் கொஞ்சம். பட்டையைப் பொடித்தும் போடாதீர்கள். டீ கொழகொழவென்று ஆகிவிடும்.

கிராம்பை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது தலை மேலே இருக்க நட்டுக்குத்தாக நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கை படுத்துக்கொண்டு மிதக்கும். ஏலக்காய்க்கு நமக்கு என்ன குறை? போடிநாயக்கனூரில் ஏலமே நடக்கிறது. பச்சையாக, குலுக்கினால் சத்தம் வராமல் விதை நிறைந்திருக்கும் காயாகப் பாருங்கள்.

பழத்துக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஆப்பிளையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. காய்ந்த ஆப்பிள் கொடுக்கிறது கொஞ்சம்தான் என்று மேலேயே பார்த்தோம். கொடைக்கானல் பேரிக்காயைச் சீவிக் காய வைத்துப் போட்டுப் பார்த்தேன், அதுவும் கொடுக்கவில்லை. கொடுப்பது இரண்டு. ஒன்று கமலா ஆரஞ்சுத் தோல். உட்புற வெள்ளையை ஸ்பூனால் சுரண்டி எடுத்துவிட்டு, அதுதான் கசப்பு, நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் எண்ணெய் பறந்துவிடும். விரலால் ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும்.

இன்னொன்று கம்பம் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். மதுரைக்காரர்களுக்கு இதன் மணத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை, தள்ளுவண்டி இரண்டு கடை தள்ளி நின்றாலே தெரியும். ஒரு டம்ளருக்கு ஆறேழு பழம். விதை நசுங்காமல், தோல் மட்டும் வெடிக்கிற அளவுக்குக் கரண்டியின் பின்புறத்தால் அமுக்குங்கள். விதை நசுங்கினால் துவர்ப்பு தாங்காது. பழத்தை டம்ளரின் அடியில் போட்டு, வடிகட்டிய சூடான டீயை அதன் மேல் ஊற்றுங்கள். டீ ஊதாச் சிவப்பாக நிறம் மாறும். அந்த ஆவியில் திராட்சை மணமும் பட்டை மணமும் சேர்ந்து வருவதை ஒரு தடவை மோந்துவிட்டால் டப்பாவைத் தேட மாட்டீர்கள். காய்ந்த பழத்தால் தர முடியாததைப் பச்சைப் பழம் தருகிறது, தெளித்த ஃப்ளேவரும் தேவையில்லை.

நெல்லிக்காய் போடலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். தேயிலையே துவர்ப்பு, அதன் மேல் நெல்லியின் துவர்ப்பு எதற்கு? புளிப்பு வேண்டுமானால் இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சை. நிறம் உடனே வெளுக்கும், அது இயல்பு.

இரண்டு டம்ளருக்கு என் கணக்கு இது. 350 மில்லி தண்ணீரில் ஒரு அங்குலச் சுருள் பட்டை, சுண்டு விரல் நகம் அளவு சுக்கு தட்டிப் போட்டு, சின்னத் தீயில் ஐந்து நிமிஷம். பிறகு கிராம்பு ஒன்று, ஒன்றே ஒன்று, ஏலக்காய் இரண்டு தட்டிப் போட்டு இன்னும் ஒரு நிமிஷம். அடுப்பை அணையுங்கள். தேயிலை இரண்டு டீஸ்பூன், ஆரஞ்சுத் தோல் இரண்டு துண்டு போட்டு மூடி, நான்கு நிமிஷம் அப்படியே விடுங்கள். வடிகட்டி, திராட்சை இருக்கும் டம்ளரில் ஊற்றி, அரை ஸ்பூன் சீனி. கிராம்பை இரண்டாக்கினால் அது மட்டும்தான் தெரியும், பந்தியில் குரல் பெரிசான ஆள் மாதிரி. இரும்புச் சட்டியில் மட்டும் செய்யாதீர்கள், தேயிலையும் இரும்பும் சேர்ந்தால் டீ மை மாதிரி கறுத்துவிடும்.

'மதுரையில் என்ன குளிர், இதெல்லாம் பனி கொட்டுகிற ஊருக்குத்தானே' என்று கொழுந்தனார் கேட்கலாம். மார்கழி விடிகாலையில் இங்கே 20 டிகிரிப் பக்கம் இறங்கும். அங்கே அது கோடை. ஆனாலும் குளிர் என்பது பழகிய உடம்பைப் பொறுத்தது. நாலரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்க ஆரம்பிக்கும்போது, ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்து புள்ளி வைக்கிறவர்களுக்கு அது குளிர்தான். அந்த நேரத்துக்கு நம் முன்னோர் சுக்குமல்லிக் காப்பியும் பருத்திப்பாலும் வைத்திருந்தார்கள். சுக்கும் மிளகும் வாயில் சூட்டை உணர்கிற நரம்பையே தூண்டுகின்றன, பானம் ஆறிய பிறகும் தொண்டை கதகதப்பாக இருப்பது அதனால். ஜெர்மனிக்காரர் ஆரஞ்சும் பட்டையும் கிராம்பும் சேர்ப்பதும், சிம்மக்கல்லில் பருத்திப்பால் வண்டிக்காரர் சுக்கு சேர்ப்பதும் ஒரே தேவைக்குத்தான். உங்கள் அத்தைக்கு இந்த ருசி அந்நியம் கிடையாது. பால் இல்லாத சுக்குமல்லிக் காப்பி குடித்தவர்தானே? டீ என்று சொல்லிக் கொடுத்தால் நாக்கு பால் டீயைத் தேடும். ஆரஞ்சுத் தோல் போட்ட சுக்குக் காப்பி மாதிரி ஒன்று என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் பால் வேண்டும் என்றால் பழம், புளிப்பு இரண்டையும் விட்டுவிட்டு, பட்டையும் ஏலமும் சுக்கும் மட்டும் போட்டு, வழக்கமான டீத்தூளில் பால் டீயாகவே போட்டுக் கொடுங்கள். பெரியவர்களை வற்புறுத்தி ருசி பழக்க வேண்டாம்.

சில கலவைகளில் இனிப்புக்காக அதிமதுரம் சேர்த்திருப்பார்கள். டப்பாவை ஒரு தடவை படித்துவிடுங்கள். அத்தைக்கு ரத்தக் கொதிப்பு இருந்தால் தினமும் கொடுக்கக் கூடாது, அதிமதுரம் அதை ஏற்றிவிடும். கூடத் தின்னக் காரமாக எதுவும் வேண்டாம், முக்கியமாகக் காராச்சேவு. வெறும் வர்க்கி ஒன்று போதும்.

கடைசியாக டப்பாவை எங்கே வைப்பது. தேயிலை எந்த வாசனையையும் குடிக்கும் என்றேன். மதுரைக்கு வந்த முதல் வருஷம், குன்னூரில் பழகிய ஒருவர் எனக்கென்று அரைக் கிலோ உறைபனிக் காலத்து டீ அனுப்பியிருந்தார். மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் கொட்டி, சமையலறை அலமாரியில் வைத்துவிட்டேன். கீழ்த்தட்டில் கட்டிப் பெருங்காயம் இருந்தது. பத்து நாள் கழித்துத் திறந்தபோது சாம்பார் வாசனை. அரைக் கிலோவும் ரோஜாச் செடிக்குத்தான் போனது. அந்த வருஷம் முழுக்க அதற்காக வருத்தப்பட்டிருக்கிறேன். உங்கள் டப்பா அஞ்சறைப் பெட்டிப் பக்கமோ, அடுப்பு மேடையிலோ, ஃபிரிட்ஜுக்குள்ளோ இருக்கக் கூடாது. துணி அலமாரியில் நாப்தலின் உருண்டை இல்லாத தட்டாகப் பார்த்து, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். திறந்த நாளில் இருந்து பழ வாசனை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். விருந்தாளிக்கென்று ஒதுக்கி வைக்காமல் சிவராத்திரிக்குள் குடித்து முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு எப்படியும் வெயில் வந்துவிடும்.